இரண்டு நோட்டுகள்

வடசேரியில் பஸ் இறங்கி நேரே என் அலுவலகத்துக்கு வந்திருந்தார் அந்த அம்மா. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். ஊதிய உயர்வை நிறுத்திய ஆணையை மேசைமேல் வைத்தார். காரணம் இரண்டு: வாரம் 16 மணி நேரத்துக்குப் பதில் 14 மணி நேர வகுப்பே எடுத்தார், மாணவர் கருத்துப் படிவத்தில் மதிப்பெண் குறைவு.

"லேபர் கோர்ட்டுக்குப் போலாமா சார்?"

போக வழியில்லை. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' அல்ல என்று சுந்தராம்பாள் வழக்கில் 1988இலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடிவு செய்தோம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையைப் பிரித்தேன். உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம். அதே விதி, மொத்தப் பணிநேரம் 40 மணிக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. மீதி 24 மணி நேரத்துக்கு என்ன கணக்கு?

அவர் பையிலிருந்து இரண்டு லாங் சைஸ் நோட்டுகளை எடுத்தார். தேதி, மாணவரின் பதிவெண், எந்தக் கணக்கில் தடுக்கினார், எப்படிச் சொன்ன பிறகு புரிந்தது என்று பக்கம் பக்கமாக இருந்தது.

"மணி அடிச்ச பொறவுதான் சார் பிள்ளைகள் சந்தேகம் கேக்க வரும்."

60 பேர் வகுப்பில் படிவம் நிரப்பியவர்கள் 11 பேர். அதைச் சொன்னபோது அவர் குரல் கம்மியது. "எங்கப்பா களத்துல தூத்தாம மரக்காலைத் தொட மாட்டாரு சார்."

நோட்டுகளின் நகல் மனுவோடு தாக்கல் செய்த டைப்டு செட்டில் ஏறியது. கால அட்டவணை போடுவது துறைத் தலைவர், 14 மணி நேரம் ஒதுக்கிவிட்டு ஆசிரியரைக் குற்றம் சொல்வது முறையல்ல என்று வாதாடினேன். படிவங்களைக் காட்டாமல், விளக்கம் கேட்காமல் தண்டித்தது இயற்கை நீதிக்கு முரண் என்று நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. கற்பித்தலின் தரத்தை எப்படி அளப்பது என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அந்தப் பதில் கல்லூரிக்குள்தான் கிடைக்க வேண்டும். வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்காமல், மணி அடித்த பின் நடப்பதைக் கணக்கில் கொள்ளாமல் எந்த மதிப்பெண்ணும் நியாயமாகாது என்றே நம்புகிறேன்.

தீர்ப்பு நகலை வாங்க வந்தவர் ஊதிய உயர்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அந்த நோட்டு ரெண்டையும் தந்துருங்க சார். அடுத்த வருசப் பிள்ளைகளும் அதே இடத்துலதான் தடுக்கும்."