இருந்தவரை வரைதல்

இழப்பைப் பற்றிப் படப்புத்தகம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சாவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பயிலரங்குகளிலும், படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளிலும் இதைத் தொடர்ந்து பார்க்கிறேன். முதல் பக்கத்திலேயே தாத்தா படத்துக்கு மாலை போட்டிருக்கும். அம்மா அழுதுகொண்டிருப்பாள். "தாத்தா எங்கேம்மா?" என்று குழந்தை கேட்கும். மீதிப் பக்கங்கள் முழுக்க அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள் சொல்லும் பதிலாக இருக்கும். எழுதியவருக்கு அந்தத் தாத்தாவைத் தெரியும். எழுதும்போதே அவருக்குக் கண் கலங்கியிருக்கும். புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கோ அவர் யாரோ ஒருவர். யாரோ ஒருவர் இல்லாமல் போனதற்கு எந்தக் குழந்தையும் வருந்துவதில்லை. வருந்தச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை.

படப்புத்தகம் எழுதி எழுதி நான் வந்து சேர்ந்திருக்கும் இடம் இது: இழப்பைச் சொல்ல வந்த புத்தகம் தன் பெரும்பகுதியை இருப்பைச் சொல்லச் செலவிட வேண்டும். பிரிந்துபோனவரோடு குழந்தை முதலில் சில பக்கங்களாவது வாழ்ந்திருக்க வேண்டும்.

அதற்குக் கிடைக்கும் இடமோ மிகச் சிறியது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32 பக்கம். உலகெங்கும் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கத்தில் நிற்பதற்குத் தாளை மடிக்கும் இந்தக் கணக்குதான் காரணம். தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போக, கதைக்கு மிஞ்சுவது 12 அல்லது 13 இரட்டைப் பக்கங்கள். தமிழில் விலையைக் குறைப்பதற்காக 24 பக்கத்திலும் 16 பக்கத்திலும்கூட முடித்துவிடுகிறோம். இந்த இடத்துக்குள் ஒருவரைக் காட்டி, பழகவிட்டு, அவரை எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகும் பொழுது விடிவதைக் காட்ட வேண்டும். நான் போட்டுக்கொள்ளும் கணக்கு எளிமையானது. 32 பக்கப் புத்தகத்தில் எட்டாவது இரட்டைப் பக்கம் முடியும்வரை சாவு உள்ளே வரக் கூடாது.

இந்தக் கணக்கை எனக்குக் கற்றுத்தந்தது ஜான் பர்னிங்ஹாம் 1984இல் வெளியிட்ட 'கிரான்பா'. அதில் தாத்தாவும் பேத்தியும் விதை ஊன்றுகிறார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், ஒரு பக்கத்தில் கோபித்துக்கொண்டு முதுகைத் திருப்பி நிற்கிறார்கள். தாத்தாவின் பேச்சு நேரெழுத்திலும் பேத்தியின் பேச்சு சாய்வெழுத்திலும் வருகிறது. நடுவில் நின்று கதை சொல்ல ஆள் இல்லை. முடிவுக்குச் சற்று முன்னால், தாத்தாவால் விளையாட வெளியே வர முடியாத ஒரு நாள் வருகிறது. அதற்கடுத்த பக்கத்தில் தாத்தாவின் பச்சை நாற்காலி காலியாக இருக்கிறது. பேத்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு சொல்கூட இல்லை. அந்த நாற்காலி நம்மை உலுக்குகிறது என்றால், உலுக்கும் வலு அதற்கு முந்தைய பக்கங்களிலிருந்து வருகிறது. அந்தக் கோபப் பக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. சண்டையே போடாத உறவைக் குழந்தைகள் நம்புவதில்லை.

அப்பத்தாவைப் பற்றி நானும் ஓவியரும் ஒரு புத்தகம் செய்தபோது, கதைக்கு முன்னால் ஒரு பட்டியல் போட்டோம். அப்பத்தா பாசமானவள், நல்லவள் என்றெல்லாம் அதில் எழுதவில்லை, ஏனென்றால் பாசத்தை அப்படியே வரைய முடியாது. அவள் கை என்ன செய்யும் என்று எழுதினோம். சிவகங்கைப் பக்கத்து வீடு, திண்ணை, தூண், சுருக்குப்பை, இரும்பு உரல். பல் போய்விட்டதால் வெற்றிலை பாக்கை இடித்துத்தான் அவளால் போட முடியும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் பேரன் கண்ணைத் திறக்கிறான். பள்ளிவிட்டு வரும்போது தெருமுனையிலேயே அந்தச் சத்தம் கேட்கிறது. "டொக் டொக்" என்பதை நான் வாக்கியத்துக்குள் வைக்கவில்லை. ஓவியர் அதைக் கையால் எழுதி, ஒவ்வொரு இரட்டைப் பக்கத்திலும் வலதுபக்கக் கீழ்மூலையில், அப்பத்தாவின் காலடியில் வைத்தார். பையன் பக்கம் முழுக்க ஓடட்டும், அப்பத்தா மட்டும் தூணை ஒட்டிய அதே இடத்தில் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். பழகிய இடம் காலியானால்தான் கண்ணுக்கு அது காலியிடமாகத் தெரியும்.

பள்ளிகளில் அந்தப் புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது மூன்றாம் பக்கத்திலிருந்தே பிள்ளைகள் என்னோடு சேர்ந்து "டொக் டொக்" போட ஆரம்பித்துவிடுவார்கள். பிறகு சத்தம் எழுதப்படாத பக்கம் வரும். வாயைத் திறந்துவிட்டு, சொல்ல ஒன்றும் இல்லாமல் அந்த மூலையைத் தேடுவார்கள். சாவைப் பற்றி நான் இன்னும் ஒரு வார்த்தையும் வாசித்திருக்க மாட்டேன்.

படப்புத்தகத்தில் நேரம் நகர்வது பக்கம் திரும்பும்போதுதான். தாளைத் திருப்பும் அந்தக் கணத்தில் ஒரு நொடியும் கழியலாம், ஒரு வருடமும் கழியலாம். அதனால் சாவைப் படமாக வரையாமல் இரண்டு பக்கங்களுக்கு நடுவே நடக்கவிட முடியும். வலதுபக்கத்தில் அப்பத்தா வெற்றிலையின் காம்பைக் கிள்ளுகிறாள். தாள் திரும்புகிறது. திண்ணையில் உரல் மட்டும் இருக்கிறது. நடுமடிப்பும் இப்படித்தான் பயன்படும். ஒரு முகத்தை அங்கே வைத்தால் மடிப்பு விழுங்கிவிடும் என்பதால் ஓவியர்கள் பொதுவாக அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள். நாங்கள் பையனை இடதுபக்கத்திலும் தூணை வலதுபக்கத்திலும் வைத்து, மடிப்பையே இருவருக்கும் நடுவிலான தொலைவாக்கினோம்.

தாள் திரும்பாத புத்தகமும் உண்டு. சென்னையின் தாரா புக்ஸ் 2009இல் கொண்டுவந்த 'சுனாமி', வங்கத்துப் பட்டுவா ஓவியர்களான மொய்னா சித்ரகாரும் ஜொய்தேவ் சித்ரகாரும் வரைந்தது. பாடியபடியே சுருளை விரித்துக் கதை சொல்வது அவர்கள் மரபு. புத்தகமும் சுருள்போலவே, கையால் ஸ்கிரீன் அச்சு செய்யப்பட்டு, கீழ்நோக்கி விரிகிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த அலையைச் சொல்ல அந்த வடிவம்தான் பொருந்துகிறது. நீர் நின்று மூச்சு வாங்க அங்கே பக்க ஓரம் இல்லை. ஒரு வீட்டின் ஒற்றைச் சாவுக்குப் பக்கம் திரும்பும் இடைவெளி வேண்டும். ஊரே போன சாவுக்குச் சுருள் வேண்டும்.

படம் இவ்வளவு செய்துவிட்டால் எழுத்துக்கு என்ன வேலை? உண்மையை நேராகச் சொல்வது. எங்கள் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்கான வரி: "அப்பத்தா இறந்துவிட்டாள். இனி வரமாட்டாள்." இவ்வளவு வெட்டென்று சொல்லலாமா என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். மரியா நாஜ் என்ற உளவியலாளர் புடாபெஸ்டில் 3 முதல் 10 வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிப் பேசி, 1948இல் அதை வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சாவை ஒரு தூக்கமாகவோ பயணமாகவோ எண்ணினார்கள். போனவர் திரும்பலாம் என்று நம்பினார்கள். ஐந்திலிருந்து ஒன்பது வயதுவரை உள்ளவர்களில் பலர் சாவை ஓர் ஆளாகவே கற்பனை செய்திருந்தார்கள். ஆகவே "தூங்குறாங்க" என்று நாம் சொன்னால் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொண்டு, இரவில் கண்ணை மூடப் பயப்படும். "ஊருக்குப் போயிருக்காங்க" என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தன்னிடம் சொல்லாமல் போனதற்காகக் கோபித்துக்கொள்ளும்.

ஜெர்மானிய ஓவியர் வோல்ஃப் எர்ல்புருக்கின் 'வாத்து, சாவு, டியூலிப்' (2007) புத்தகத்தில் சாவு, மண்டையோட்டு முகமும் கட்டம் போட்ட நீள அங்கியுமாக வாத்தின் பின்னால் வந்து நிற்கிறது. பெரியவர்கள் திடுக்கிடுகிறார்கள். சாவுக்கு ஏற்கெனவே ஓர் உருவம் கொடுத்து வைத்திருக்கும் குழந்தையோ அதனோடு எளிதாகப் பழகிவிடுகிறது. குளத்தில் இறங்கிக் குளிரில் நடுங்கும் சாவை வாத்து தன் உடம்பால் கதகதப்பாக்குகிறது. இறுதியில் வாத்தின் உடலை ஆற்றில் இறக்கி, மேலே டியூலிப் பூவை வைத்து அனுப்புகிறது சாவு. பின்னணியில் பெரும்பாலும் வெறும் தாள் நிறம். கண் அந்த இருவரை விட்டு எங்கும் போக முடியாது.

நம் ஊரில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். இங்கே குழந்தையிடமிருந்து சாவை யாரும் மறைப்பதில்லை. நடுவீட்டில் கிடத்துகிறோம். சங்கு ஊதுகிறது, பறை அடிக்கிறது, பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள், பந்தலில் வாடகை நாற்காலி வந்து இறங்குகிறது. குழந்தை அத்தனையையும் பார்க்கிறது. யாரும் எதையும் அதற்கு விளக்குவதில்லை. பக்கத்து வீட்டுக்குச் சாப்பிட அனுப்பிவிடுகிறோம். கருமாதி முடிந்தால் பேச்சும் முடிந்தது. ஆகவே தமிழில் இப்படி ஒரு புத்தகத்துக்கு முதல் வேலை, குழந்தை ஏற்கெனவே பார்த்துவிட்டதைப் பற்றி அதனோடு பேசுவது. காலில் ஏன் கட்டு, நெற்றியில் ஏன் காசு, அம்மா ஏன் இப்படிக் கத்தினாள் என்ற கேள்விகளெல்லாம் அதற்குள் அப்படியே கிடக்கின்றன.

சாவு வீட்டு இரவை வரைந்தபோது அச்சுத்தொழிலே எங்களுக்கு ஒரு வழி காட்டியது. நான்கு வண்ண அச்சில் நான்கு பிளேட். ஒரே புத்தகம் பல மொழிகளில் வரும்போது எழுத்தைக் கருப்பு பிளேட்டில் மட்டும் வைப்பார்கள்; மொழி மாறும்போது அதை மட்டும் மாற்றினால் போதும். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா போன்ற பதிப்பகங்கள் ஒன்பது மொழிகளில் படப்புத்தகம் கொண்டுவர முடிவது இப்படிப்பட்ட சிக்கனங்களால்தான். கருநீல இரவின் மேல் வெள்ளை எழுத்து போட்டால் மொழிக்கு மொழி எல்லா பிளேட்டையும் மாற்ற வேண்டும், செலவு ஏறும். எனவே கருப்பு எழுத்து உட்கார ஒரு வெளிச்சம் தேவைப்பட்டது. ஓவியர் பந்தல் காலில் ஒரு டியூப்லைட்டைக் கட்டினார். இருட்டுக்கு நடுவே, சுவரில் வெள்ளையாக ஒரு திட்டு. அங்கேதான் அந்த இரண்டு வாக்கியங்களும் இருக்கின்றன. அதே வெளிச்சத்தில் பிள்ளைகள் வாடகை நாற்காலிகளை வரிசையாக வைத்து பஸ் ஓட்டி விளையாடுகிறார்கள். துக்க வீட்டில் விளையாட்டா என்று கேட்டவர்கள் உண்டு. குழந்தையின் துக்கம் விட்டுவிட்டு வரும். அழும், பசிக்கும், விளையாடும், மறுபடி அழும். விளையாடியதற்காகப் பின்னால் அது குற்ற உணர்ச்சி கொள்ளக் கூடாது என்பதற்காகவே அந்தப் படம் அங்கே இருக்கிறது.

மைக்கேல் ரோசனின் 'சேட் புக்' (2004) இந்த அனுமதியைப் பெரியவர்களுக்கும் தருகிறது. 18 வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்த தன் மகன் எடியைப் பற்றி அவர் எழுதியது அது. எடி குழந்தையிலிருந்து வளர்ந்து வருவதை ஓவியர் குவென்டின் பிளேக் வரிசையாக வரைந்துகொண்டே போய், கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். இங்கும் அதே கணக்குதான்: நிரம்பிய கட்டங்களுக்குப் பிறகு வருவதால்தான் அந்த ஒரு வெற்றுக் கட்டம் பேசுகிறது.

நினைவை வரைவது இதைவிடக் கடினம். பெரியவர்களின் நினைவு ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. குழந்தையின் நினைவு கைக்கு அகப்படும் பொருளில் இருக்கிறது. மெம் ஃபாக்ஸ் எழுதி ஜூலி விவாஸ் வரைந்த ஆஸ்திரேலியப் புத்தகத்தில் (1984), நினைவு தொலைந்துகொண்டிருக்கும் 96 வயது மூதாட்டிக்கு ஒரு சிறுவன் கிளிஞ்சல், பொம்மை, பதக்கம், பந்து, கோழியிட்ட சூடு ஆறாத முட்டை என்று கூடையில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஒவ்வொன்றையும் கையில் வாங்க வாங்க அவளுக்கு ஏதோ ஒன்று திரும்பி வருகிறது. நீனா சப்னானியின் 'முகந்த் அண்ட் ரியாஸ்', அவருடைய அப்பாவின் கராச்சி நினைவிலிருந்து எழுந்தது. 1947இல் இரண்டு நண்பர்கள் பிரிகிறார்கள். கப்பலிலிருந்து ஒருவன் தன் தொப்பியை மற்றவனுக்கு எறிகிறான். துணி ஒட்டுவேலை பாணியில் அமைந்த படங்கள் அவை. பிரிவினை என்ற பெரிய வரலாற்றை ஒரு தொப்பியின் அளவுக்குக் கொண்டுவந்ததால்தான் குழந்தையால் அதைக் கையில் ஏந்த முடிகிறது.

எங்கள் கடைசிப் பக்கத்துக்கு இரண்டு முடிவுகள் எளிதாகக் கிடைத்தன. அப்பத்தா நட்சத்திரமாகிவிட்டாள் என்பது ஒன்று. பேரன் உரலை எடுத்து இடிப்பது மற்றொன்று. முதலாவது, வரமாட்டாள் என்று சொன்னதைப் பின்வாசல் வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது, அப்பத்தாவின் இடத்தை நிரப்பும் பொறுப்பை ஐந்து வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுகிறது. இரண்டையும் விட்டுவிட்டோம். கடைசியில் பேரன், அப்பத்தாவைப் பார்த்தேயிராத தன் தங்கச்சிப் பாப்பாவிடம் பேசுகிறான்: "அப்பத்தாவுக்குப் பல்லே கிடையாது பாப்பா. ஆனா என்னைக் கடிக்கும்!" வாசிக்கும் இடமெல்லாம் பிள்ளைகள் இங்கே சிரிக்கிறார்கள். உடனே தங்கள் தாத்தா, அப்பாயி, செத்துப்போன நாய்க்குட்டி என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். பெரியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அப்போது பாடம் நடத்தாதீர்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள்.

எழுதப்பட வேண்டியவை இன்னும் நிறைய இருக்கின்றன. பேரப்பிள்ளையையே யார் என்று கேட்கும் ஆச்சியோடு ஒரே வீட்டில் வளரும் குழந்தைக்கு ஒரு புத்தகம் வேண்டும். மருத்துவமனைக்குப் போன அம்மா தம்பிப்பாப்பா இல்லாமல் திரும்பிய வீட்டுக்கு ஒன்று வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது ஈழத்தில் காத்திருக்கிறது. போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளையிடம் "மாமா இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. வருவார் என்று எழுதவும் உரிமை கிடையாது. நான் இதுவரை நம்பிய நேர்ச்சொல் அங்கே உதவாது; தெரியாது என்பதைத்தான் நேராகச் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாமா எப்படிச் சைக்கிள் மிதிப்பார், எதற்கெல்லாம் சிரிப்பார், எந்தக் கறியை ஒதுக்கிவைப்பார் என்று அம்மம்மாவுக்குத் தெரியும். அவரிடம் கேட்டு முதல் எட்டு இரட்டைப் பக்கங்களை நாம் வரைந்துவிடலாம். முடிவு தெரியாது என்பதற்காக அந்த மனிதரைப் பற்றிய புத்தகம் காத்திருக்க வேண்டியதில்லை.