அத்தையின் எஃப்டி

மூன்றாம் வருடம் எங்கள் காலேஜ் பட்டிமன்றத்தில் எனக்கு வந்த தலைப்பு, "மதச் சட்டங்களை நாட்டின் சட்டம் அங்கீகரிக்கலாமா?" நான் "கூடாது" அணி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் வந்த அணிதான், கொள்கை எல்லாம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு நாள் உட்கார்ந்து தயார் பண்ணிய பிறகு அதுவே என் கொள்கை ஆகிவிட்டது.

மேடையில் ஷா பானோவில் ஆரம்பித்தேன். இந்தூரைச் சேர்ந்தவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு கணவர் தலாக் சொல்லிவிட்டார். 1985இல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சம் உண்டு என்றது. அடுத்த வருடமே பார்லிமென்ட் ஒரு புதுச் சட்டம் போட்டு அந்தத் தீர்ப்பின் பலத்தைக் குறைக்கப் பார்த்தது. அப்புறம் 2017 முத்தலாக் தீர்ப்பு, மூன்றுக்கு இரண்டு. கடைசியாக அரசியலமைப்பின் 44ஆவது பிரிவு, பொது சிவில் சட்டம். கைதட்டல் பலமாக இருந்தது. எங்களுக்குத்தான் முதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.

என் ரூம்மேட் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவனை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கிளாஸில் பாதிப் பேருக்கு அவன் பெயரே தெரியாது, அதை இப்போது யோசித்தால் ஒரு மாதிரி இருக்கிறது. ராத்திரி மெஸ்ஸில் அவன் சொன்னான்: "நல்லா பேசினடா. ஆனா நீ மதச் சட்டத்தைப் பத்திப் பேசல. எங்களைப் பத்தி மட்டும்தான் பேசின."

"வேற யாருக்குடா மதச் சட்டம் இருக்கு?" என்று கேட்டேன். சும்மா வம்புக்குக் கேட்கவில்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

அதற்கு அடுத்த ஆடி மாதம் என் அத்தை தூக்கத்திலேயே இறந்து போனார். அப்பாவுக்கு ஒரே தங்கை. 22 வயதில் கல்யாணம், இரண்டு வருடத்துக்குள் மாமா பைக் ஆக்சிடெண்டில் போய்விட்டார். குழந்தை இல்லை. ராசி இல்லாதவள் என்று சொல்லி அந்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாத்தாதான் பி.எட். படிக்க வைத்தார். அதன் பிறகு 26 வருடம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். என் முதல் வருட ஹாஸ்டல் ஃபீஸ் அத்தை கட்டியது. ஸ்கூட்டி தவிர பெரிதாக எதுவும் வாங்கிக்கொண்டதில்லை. சேர்த்து வைத்தது எல்லாம் பேங்கில் ஒரு எஃப்டி, 11 லட்சம். நாமினி அப்பா. உயில் எழுதவில்லை. 50 வயதில் யார் எழுதுவார்கள்?

மூன்று மாதம் கழித்து ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுப்பியவர் மாமாவின் அண்ணன். இத்தனை வருடத்தில் ஒரு போன் கூடப் போடாதவர், சாவுக்கும் வராதவர். அந்த எஃப்டி பணம் சட்டப்படி தனக்குச் சேர வேண்டியது என்று எழுதியிருந்தார். அப்பா படித்துவிட்டுச் சிரித்தார். "நாமினி நான்தானேடா" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் சிரிக்கவில்லை. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டும்தான், சொந்தக்காரர் யார் என்பதை வாரிசுச் சட்டம்தான் முடிவு பண்ணும் என்றார். எங்கள் விஷயத்தில் அது இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. அதில் பிரிவு 15ஐ எடுத்துக் காட்டினார். இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு. அவர்களும் இல்லையென்றால்தான் பெற்ற அம்மா அப்பாவுக்கு. என் பாட்டி, அத்தையைப் பெற்றவள், அந்த வரிசையில் மூன்றாவது இடத்தில் நிற்கிறாள்.

இதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை இல்லாத பெண்ணுக்கு அவள் அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து என்றால், அது அப்பா வழி வாரிசுகளுக்கே திரும்பி வரும். அதாவது தாத்தா விட்டுப்போன பங்கு எங்களிடம் வரும். அத்தை தானே சாக்பீஸ் பிடித்துச் சம்பாதித்தது அங்கே போகும். நான் இரண்டு தடவை படித்தேன், தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று.

வக்கீல் 2009இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சொன்னார். அதில் ஒரு பெண், கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவரை இழந்தவர், புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர். பெற்றவர்கள் படிக்க வைத்து வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம், அவர் இறந்த பிறகு கணவரின் அக்கா தங்கை பிள்ளைகளுக்குப் போனது. அனுதாபத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. கிட்டத்தட்ட என் அத்தையின் கதைதான். அதற்கு முன்பே, 2008இல் சட்ட ஆணையம் தன் 207ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லியிருந்தது.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய அத்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டான். பிறகு என் ரெக்கார்ட் நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். "எங்க சட்டப்படின்னா உங்க பாட்டிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி உங்கப்பாவுக்கு. அந்தப் பெரியவருக்கு ஒண்ணும் கிடையாது." கிறிஸ்தவர்களுக்கு உள்ள 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தை நானே தேடிப் பார்த்தேன். அதிலும் தாத்தா இல்லாததால் பாட்டியும் அப்பாவும் சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அதே பேங்க், அதே எஃப்டி, அதே டீச்சர். அத்தை எந்த வீட்டில் பிறந்தார் என்பதை வைத்துப் பணம் வேறு வேறு வாசலுக்குப் போகிறது. அத்தை கோயிலுக்குப் போனாரா, சாமி கும்பிட்டாரா என்று சட்டம் கேட்கவே இல்லை.

நானும் சும்மா விடவில்லை. "உங்க அக்காவுக்கு எவ்வளவுடா பங்கு?" என்றேன்.

"நான் வாங்குறதுல பாதி."

"அது சரியா?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. "சரியில்லன்னு நான் எங்க வீட்ல சண்டை போடலாம். நீ மைக்ல சொன்னா எனக்கு வேற மாதிரி கேக்குதுடா."

அந்தப் பதில்தான் என்னை ரொம்ப நாள் குடைந்தது. மேடையில் நான் கேட்ட கேள்வியே பாதிதான் என்று தோன்றியது. இந்துச் சட்டம் என்று சொல்கிறோம், ஆனால் 1956 சட்டத்தை எழுதியது பார்லிமென்ட். 1989இல் தமிழ்நாடு அதைத் திருத்தி, அப்போது கல்யாணமாகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு கொடுத்தது. 2005இல் நாடு முழுக்க மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. யாருடைய மதமும் இடிந்து விழவில்லை. அப்படியென்றால் இதில் எது மதம், எது பழைய ஆம்பளைக் கணக்கு?

என் அப்பா அம்மா கல்யாணம் ஐயர் இல்லாமல் மாலை மாற்றி நடந்தது. 1967இல் தமிழ்நாடு இந்துத் திருமணச் சட்டத்தில் சுயமரியாதைத் திருமணத்துக்கு இடம் கொடுத்ததால்தான் அது செல்லும். அவரவர் நம்பிக்கைப்படி கல்யாணம் பண்ணிக்கொள்வதை அரசு ஏற்றுக்கொள்வதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. நிக்காஹ் ஆகட்டும், தாலி ஆகட்டும், சர்ச் ஆகட்டும். ஆனால் யாருக்கு எவ்வளவு பணம் என்பதைப் பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் ஒரு மதப்பெயர் முடிவு பண்ணக் கூடாது. இதை மட்டும் இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

சரி, எல்லாருக்கும் ஒரே சட்டம் போட்டால் முடிந்ததா? உத்தராகண்டில் 2025 ஜனவரியில் பொது சிவில் சட்டம் அமலுக்கு வந்தது. அதில் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு. கல்யாணம் பண்ணாமல் சேர்ந்து வாழ்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. வாரிசுரிமை பேச உட்கார்ந்தவர்கள் அடுத்தவர் பெட்ரூம் வரை ஏன் போனார்கள் என்று எனக்குப் புரியவில்லை. "பொது"ன்னு பேர் வெச்சிட்டு யார் எழுதுறாங்கன்னு பாரு என்று ரூம்மேட் சொல்வான். அந்தச் சந்தேகத்தைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் சொந்த மதத்துச் சட்டம் என் பாட்டியை மூன்றாவது வரிசையில் நிறுத்தியிருப்பதே எனக்கு 20 வயது வரை தெரியவில்லை. அவன் வீட்டுச் சட்டத்தைப் பற்றி மட்டும் பன்னிரண்டு நிமிடம் பேசியிருக்கிறேன்.

மாமாவின் அண்ணன் இப்போது கோர்ட்டில் வாரிசுச் சான்றிதழ் கேட்டு மனு போட்டிருக்கிறார். அப்பா அந்தப் பணத்தைத் தனி அக்கவுண்டில் அப்படியே வைத்திருக்கிறார், ஒரு ரூபாய் தொடவில்லை. பாட்டியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் ஊருக்குப் போனபோது, "அவ காசு பேங்க்ல பத்திரமா இருக்காப்பா?" என்று கேட்டாள். இருக்கு பாட்டி என்றேன். அடுத்த வாய்தா ஜூனில். எனக்கு அதற்குள் எக்ஸாம் முடிந்துவிடும், அப்பாவோடு நானும் போகிறேன்.