இசை பிடிக்கும், வரிகள்தான் பிடிக்காது

கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி ஒருநாள் பென்டிரைவில் ஒரு ஆல்பம் கொண்டுவந்தாள். 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின்' என்ற அமெரிக்க ராக் குழுவின் 'தி பேட்டில் ஆஃப் லாஸ் ஏஞ்சல்ஸ்'. அந்த வேகத்தில் பாடினால் ஆங்கிலம் எனக்குப் புரியாது. டாம் மொரெல்லோவின் கிதார் மட்டும் உடம்பில் ஏறியது. அர்த்தம் தெரியாமலே ஆடினோம்.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போதுதான் வரிகளைத் தேடி வாசித்தேன். அதில் ஒரு பாட்டு முமியா அபு-ஜமாலைப் பற்றியது. ஒரு போலீஸ்காரரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த கறுப்பினப் பத்திரிகையாளர் அவர். அந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்றது குழு. 1999 ஜனவரியில் அவருக்காக நியூஜெர்சியில் நிதி திரட்டும் கச்சேரி நடத்தியது. போலீஸ் சங்கங்கள் எதிர்த்தன. போகாதீர்கள் என்று மாநில ஆளுநரே சொன்னார். ஆனாலும் அரங்கு நிறைந்தது.

அதே ஆண்டு நவம்பரில் ஆல்பம் வந்தது. மரையா கேரியின் புது ஆல்பத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. விமர்சகர்கள் பாராட்டினார்கள். கூடவே ஒரு கேள்வியும் இந்தக் குழுவைத் துரத்திக்கொண்டே இருந்தது: முதலாளித்துவத்தை எதிர்ப்பவர்களின் பாட்டை சோனி நிறுவனம் விற்கலாமா? நியாயமான கேள்விதான். ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வேறொரு ரசிகர்.

2012இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்ற பால் ரையன், தனக்குப் பிடித்த குழுக்களில் இதையும் சொல்லியிருந்தார். ஏழைகளுக்கான அரசுத் திட்டங்களில் செலவைக் குறைக்க பட்ஜெட் போட்டவர் அவர். சத்தம் பிடிக்கும், வரிகள் பிடிக்காது என்பது அவர் கணக்கு. நாங்கள் எந்த எந்திரத்தை எதிர்த்துப் பாடுகிறோமோ அதன் உருவமே இவர்தான் என்று 'ரோலிங் ஸ்டோன்' இதழில் மொரெல்லோ பதிலடி கொடுத்தார்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு உறுத்தியது. விடுதியில் நானும் சத்தத்தை மட்டும்தானே கேட்டேன்? எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்?

அதற்கான பதில் சில ஆண்டுகள் கழித்து ஒரு கல்லூரி விழாவில் கிடைத்தது. மேடையில் பறை. மைதானமே ஆடியது. அடி நின்றதும், குழுவில் மூத்த அண்ணன் மைக்கைப் பிடித்து, தங்கள் ஊரில் சாவுக்கு அடிப்பதை ஏன் நிறுத்தினோம் என்று பேச ஆரம்பித்தார். அதுவரை முன்னால் நின்று ஆடிய ஒரு தம்பி கத்தினான்: "அண்ணே, அரசியல் வேணாம், அடிங்க!"

அண்ணன் கோபப்படவில்லை. "அஞ்சு நிமிஷம் கேளு தம்பி, அப்புறம் அடிக்கிறேன்" என்றார். சிலர் எழுந்து போனார்கள். பலர் உட்கார்ந்தார்கள். அந்தத் தம்பி போனானா, இருந்தானா என்று நான் கவனிக்கவில்லை.

புரியாமல் ஆடுவது குற்றமில்லை தோழர்களே. நானும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தேன். புரிந்த பிறகு, இசை மட்டும் போதும், இசைத்தவரின் வாழ்க்கை வேண்டாம் என்பதுதான் பிரச்சினை. பறையை ரசிப்பார்கள், அதை அடிப்பவரின் தெருவுக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். இது நமக்குப் பழகிய ரசனை.

யார் ரசிக்கலாம் என்று நாம் வாசலில் நின்று தடுக்க முடியாது. ஆனால் கலை நிகழ்ச்சி நடத்தும்போது 'நேரமாச்சு, கூட்டம் கலைஞ்சிடும்' என்று முதலில் நாம் வெட்டுவது எதை? அந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான். நானே வெட்டியிருக்கிறேன். இனி அதை வெட்ட வேண்டாம்.

ஜெய்பீம்.