காலண்டர் அட்டை

புளி சாதத்தைப் 'புலி சாதம்' என்று எழுதியிருந்த ஓர் அட்டையைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டியவன் நான். 2018 ஆகஸ்டில். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் வேலை மெய்ப்புத் திருத்துவது. ஓர் ஒற்று விட்டுப்போனாலும் கண்ணை உறுத்தும். அந்தத் திமிர் எனக்கு உண்டு. அப்போதெல்லாம் ராத்திரியானால் ட்விட்டரில் முகம் தெரியாத சிலரோடு அரட்டை. ஷேர் ஆட்டோ வாசகம், கல்யாண போஸ்டர், கடைப் பலகை, கண்ணில் பட்ட வேடிக்கை எதுவானாலும் அங்கே கொண்டுபோய்க் கொட்டுவோம். யார் போட்டதற்குச் சிரிப்பு அதிகம் என்று உள்ளுக்குள் ஒரு போட்டி ஓடும். நான் ஜெயிக்க ஆசைப்பட்டேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தள்ளுவண்டி. கலவை சாதம், பொட்டலம் அப்போது 30 ரூபாய். வாரத்தில் மூன்று நாள் என் மதியச் சாப்பாடு அங்கேதான். வண்டிக்கார அம்மா முகம் பார்த்து ஒரு கரண்டி கூடவே வைப்பார். தினசரி காலண்டரின் அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் விலைப்பட்டியல். எட்டாவது படிக்கும் அவர் மகள் எழுதியது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நான்கு மூலையிலும் பூ வரைந்திருந்தாள். அந்த 'லி'யின் சுழி அத்தனை அழகாக இருந்தது.

பொட்டலம் இடது கையில். போன் வலது கையில். படத்தில் அந்தம்மாவின் முகம் பாதி விழுந்தது. பின்னால் பேருந்து நிறுத்தத்தின் பெயரும் விழுந்தது. தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். அட்டையை மட்டும் வெட்டியெடுத்துப் போடலாம் என்றுகூடத் தோன்றியது. வண்டி தெரிந்தால்தான் சிரிப்பு வரும் என்று அப்படியே விட்டேன். 'வண்டலூர் ஜூவிலிருந்து நேரடிக் கொள்முதல்' என்று மேலே ஒரு வரி எழுதிப் போட்டேன். இரவு ஒரு மணி வரை, வந்த பதில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் அது வாட்ஸ்ஆப்புக்குப் போய்விட்டது. அந்த வருஷம் மே மாதத்தில்தான், பிள்ளை பிடிக்கிறார்கள் என்று வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றிருந்தார்கள். ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 அரட்டைகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்ஆப் நிறுவனம் கட்டுப்பாடு அறிவித்தது. 'யோசிக்காமல் ஃபார்வர்டு செய்யாதீர்கள்' என்று நானும் கோபமாக எழுதியவன்தான். வதந்தி வேறு, வேடிக்கை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வண்டியைத் தேடிப் பைக்கில் பையன்கள் வந்தார்கள். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புலி சாதம் ஒண்ணு, நகம் இல்லாம" என்று கேட்டார்கள். அந்தம்மாவுக்கு விஷயம் புரியவில்லை. புளி சாதத்துக்குத் திடீரென்று கிராக்கி வந்துவிட்டது என்று நினைத்து, மறுநாள் கூடுதலாகப் புளி ஊறவைத்திருக்கிறார். இதைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார். மூன்றாம் நாள்தான் யாரோ விளக்கிச் சொன்னார்கள். அதற்குள் மகளின் வகுப்புக்கும் படம் போயிருந்தது. நான்கு நாள் அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. வண்டிப் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டாள்.

நாக்கை மடித்தால் 'ளி', மடிக்காவிட்டால் 'லி'. அவள் செய்த தப்பு அவ்வளவுதான். நான் மதுரைக்காரன். இன்றைக்கும் பேச்சில் எனக்கு வாழைப்பழம் 'வாளப்பளம்'தான். அதற்காக என்னை ஒருவரும் தெருவில் நிறுத்திச் சிரித்ததில்லை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். போட்ட படத்தை அதற்கு முன்பே அழித்துவிட்டேன். இரக்கப்பட்டு அல்ல, என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில். அட்டை திரும்பியிருந்தது. முருகன் படம் வெளியே, பூக்கள் உள்ளே.

"யாரோ படிச்சவங்கதான் சார் போட்டோ புடிச்சுப் போட்டிருக்காங்க" என்றார். பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்: "நீங்க எழுத்து வேலைதானே சார் பாக்குறீங்க? தப்பில்லாம ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. மறுநாளே புது அட்டையில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். 'ளி'யைச் சற்றுப் பெரிதாகவே எழுதியிருந்தேன். அன்றைய 30 ரூபாயை அவர் வாங்க மறுத்துவிட்டார். நான் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.