வயர் எங்கே?

பெரியவர் வண்டியின் கதவைத் திறந்து பார்க்கவில்லை. நேராக முன்பக்கம் போய், முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கிரில்லின் இடைவெளியில் விரல்களை விட்டுத் துழாவினார்.

"வயர் எங்கே?"

தலைப்பாகை கட்டிய இளைஞர், விற்பனையாளர், தாமும் குனிந்தார். உள்ளே மடித்துக் கட்டியிருந்த கறுப்பு வயரையும் அதன் நுனியிலிருந்த மூன்று முள் பிளக்கையும் வெளியே இழுத்துக் காட்டினார். பெரியவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

கனடாவின் வின்னிபெக் நகரம், பெம்பினா நெடுஞ்சாலை, நவம்பர் தொடக்கம். பின்பக்கம் சர்வீஸ் பிரிவில் குளிர்கால டயர் மாட்டிக்கொள்ள வந்தவர்களின் வரிசை. என் வண்டியும் அங்கேதான் ஜாக்கியில் நிற்கிறது. ஆறிப்போன காபியோடு ஷோரூம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியவருக்குப் பின்னால் ஒரு தம்பதி. அந்தப் பெண்ணின் தடித்த கோட்டுக்குக் கீழே நர்ஸ் சீருடை தெரிகிறது. இரவுப் பணி முடித்து நேராக வந்திருக்க வேண்டும், கண்கள் சிவந்திருந்தன. கணவனும் மனைவியும் பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்நாட்டின் சமவெளி ஊர்களில் ஜனவரி இரவுகூட 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும். இங்கே ஜனவரி இரவு என்றால் சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழே 20. 1879ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மைனஸ் 47.8 வரை போன ஊர் இது. பெரியவர் அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் வயல்வெளிக் காற்று பட்ட முகம். கூப்பிட்டதும் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டவர் போலிருந்தார்.

அந்த வயர் எஞ்சின் பிளாக் ஹீட்டருடையது. இரவு முழுக்க வெட்டவெளியில் நின்ற எஞ்சினுக்குச் சூடு தரும் சின்னக் கருவி. இங்கிருந்து தெற்கே எல்லை தாண்டினால் வரும் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரின் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் இவ்வகை ஹீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு விவசாயிகள் ராத்திரியில் எஞ்சின் எண்ணெயை வடித்து வீட்டுக்குள் வைத்துக் காலையில் மறுபடி ஊற்றியிருக்கிறார்கள். இன்று இந்த ஊர் வீட்டு வாசல்களிலும் குடியிருப்புகளின் பார்க்கிங் வரிசைகளிலும் வண்டிக்கென்றே மின்சாரப் பிளக் உண்டு.

"ராத்திரி முழுக்கச் சொருகி வைக்காதே. கரண்டுதான் வீண். ஒரு டைமர் வாங்கிக்கோ. கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடி ஓடினா போதும்" என்றார் பெரியவர். அந்தப் பெண் கைப்பேசியில் குறித்துக்கொண்டாள்.

விற்பனையாளர் அவளை உள்ளே உட்காரச் சொன்னார். அகலமான திரை, தலைக்கு மேல் நீளக் கண்ணாடிக் கூரை, நிறம் மாறும் விளக்குகள். சொல்வதைத் திருத்தமாகச் சொன்னார், எதையும் மிகைப்படுத்தவில்லை. அவளுக்கு முகம் மலர்ந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே ஒன்று செய்தாள். கோட்டுப் பையிலிருந்து தடித்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையில் ஹீட்டரைக் கூட்டப் பார்த்தாள். தொட்டாள். அழுத்தினாள். திரை அசையவில்லை. அடுத்து நின்ற விலை குறைந்த மாடலில் ஏறினாள். அதில் வட்டமான பழைய திருகு. கையுறையோடு திருப்பினாள், காற்று சீறிக்கொண்டு வந்தது. இருக்கையைச் சூடாக்கும் பொத்தானையும் அப்படியே அழுத்திப் பார்த்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

நான் அன்று பார்த்தவற்றுள் மிகச் சரியான சோதனை அதுதான். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவள், விடிகாலை இருட்டில், மைனஸ் முப்பதில் தொடப்போவது அந்தத் திருகைத்தான்.

பெரியவர் இதற்குள் பானட்டைத் திறக்கச் சொல்லியிருந்தார். பாட்டரி மேலிருந்த எழுத்தைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மைனஸ் 18இல் பாட்டரி எத்தனை ஆம்பியர் தள்ளும் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். குளிர் ஏற ஏறப் பாட்டரி சோரும். அதே குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டு எஞ்சின் சுழல அடம்பிடிக்கும். இரண்டும் ஒரே காலையில்தான் நேரும். "எண்ணெய் என்ன போட்டிருக்கு?" "0டபிள்யூ-20 சார்." அந்தப் பூஜ்யம் அவருக்குத் திருப்தி தந்தது, கடுங்குளிரிலும் இளகி ஓடும் எண்ணெய்.

டயருக்கு வந்தபோதுதான் பேச்சு நின்றது.

வண்டியோடு வரும் டயர் எல்லாப் பருவத்துக்கும் ஆனது என்றார் விற்பனையாளர். பெரியவர் பதில் சொல்லாமல் டயரின் பக்கவாட்டில் விரலை ஓட்டி எதையோ தேடினார். மூன்று சிகரமுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்துகள். அந்த முத்திரை அங்கே இல்லை. "இது ஏப்ரலுக்கு நல்ல டயர்" என்றார்.

ரப்பர் குளிரில் இறுகிவிடும். ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே சாதாரண டயரின் பிடி குறையத் தொடங்குகிறது என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. குளிர்கால டயரின் ரப்பர் உறைபனியிலும் மிருதுவாக இருக்கும்; அதன் நுண்ணிய கீறல்கள் பனியைப் பற்றும். நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டி என்றார் விற்பனையாளர், ஆறுதலாக. "அது கிளம்பத்தான் உதவும். நிறுத்துறது டயர்தான்" என்றார் பெரியவர். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். இதே குளிர் உள்ள எங்கள் மானிட்டோபா மாநிலத்தில் கட்டாயமில்லை. அரசின் காப்பீட்டு நிறுவனம் டயர் வாங்கக் கடன் மட்டும் தருகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. எதிரே வருபவரின் டயரையும் நம்பித்தான் நாம் சாலையில் போகிறோம்.

கணவன் காகிதத்தில் கூட்டிக் கழித்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை. கண்ணாடிக் கூரையுள்ள வண்டியை எடுத்தால் டயருக்குப் பணம் மிஞ்சாது. அவன் அந்தக் கூரையை ஒரு முறை அண்ணாந்து பார்த்தான். அவனுக்கு அது பிடித்திருந்தது. பெரியவர் வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிவு அவர்களுடையது என்று விட்டுக்கொடுத்த அந்த மரியாதை எனக்குப் பெரிதாகப் பட்டது.

"திருகு வச்ச வண்டி. நாலு குளிர்கால டயர், தனி ரிம்மோட. டயரை மாட்டின பிறகுதான் வெளியே எடுப்பேன்" என்றாள் அவள்.

கையெழுத்துப் போடும் இடைவெளியில் பெரியவர் டிக்கியில் வைக்க வேண்டியதை ஒப்பித்துக்கொண்டே இருந்தார்: மண்வாரி, கம்பளி, டப்பாவில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. பெட்ரோல் பாதி டாங்குக்குக் கீழே இறங்கவே கூடாது. பனியில் சிக்கி எஞ்சினை ஓட விட்டால், முதலில் இறங்கிப் புகைக்குழாய் வாயிலுள்ள பனியை வாரு; இல்லாவிட்டால் நச்சுப்புகை உள்ளே வரும். இதைச் சொல்லும்போது குரல் கடுமையானது. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

புதிதாக இந்தக் குளிருக்கு வந்து சேர்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வண்டி பார்க்கப் போகும்போது இங்கே பல குளிர்காலம் கண்ட ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான்கு டயருக்கான தொகையை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மிச்சப் பணத்துக்கு எந்த வண்டி வருமோ அதை வாங்குங்கள்.