புதுப்பித்த வீடு, பதின்மூன்றாவது வருடம்

பெர்லினில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு வார்த்தை: "புதுப்பிக்கப்பட்டது". உயரமான கூரை, மரத்தளம், பளபளக்கும் குளியலறை... ஃபோட்டோவில் எல்லாம் ஜோராகத்தான் இருக்கும். அந்த ஒரு வார்த்தையின் விலை என்ன?

பிரென்ஸ்லாவர் பெர்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் இருந்த காலத்தில் கிழக்கு பெர்லினைச் சேர்ந்த பகுதி. 1862-ல் போட்ட ஹோப்ரெக்ட் திட்டப்படி தெருக்கள் அமைத்து, உழைக்கும் ஜனங்களுக்காக ஐந்து அடுக்குக் கட்டடங்களை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். தமிழில் சொன்னால் ஒண்டுக்குடித்தனம். முன்கட்டு, பின்கட்டு, நடுவில் முற்றம். முற்றம் 5.34 மீட்டர் அகலம் இருந்தால் போதும் என்றது அந்தக் கால விதி. காற்றும் வெளிச்சமும் வரவா? அதெல்லாம் இல்லை, தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு!

1989-ல் சுவர் விழுந்தபோது பல வீடுகளில் குளிருக்குக் கரி அடுப்புதான். கழிப்பறை மாடிப்படித் திருப்பத்தில், இரண்டு மூன்று குடித்தனங்களுக்குப் பொதுவாக. வாடகை சொற்பம். அதனால்தான் ஓவியர்கள், எழுத்தாளர்கள், அரசோடு ஒத்துப்போகாதவர்கள் எல்லாம் அங்கே குடியிருந்தார்கள். (இதை ரொம்ப ரசிக்கவும் வேண்டாம். நாலாவது மாடிக்குக் கரி வாளி தூக்கியவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.) 1990களில் பெரும்பகுதி சீரமைப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. கிழக்கில் முதலீடு செய்பவர்களுக்கு வரியில் சிறப்புத் தேய்மானச் சலுகையும் கிடைத்தது. பணம் கொட்டியது. வீடுகள் அழகாயின. பழைய குடித்தனக்காரர்களில் பெரும்பாலோர் இப்போது அங்கே இல்லை.

எப்படி? கொஞ்சம் காமர்ஸ் கணக்கு.

வீட்டை மேம்படுத்த ஆன செலவில் வருடத்துக்கு இத்தனை சதவீதம் என்று வாடகையில் ஏற்றிக்கொள்ள ஜெர்மன் சட்டம் வீட்டுக்காரரை அனுமதிக்கிறது. முன்பு 11 சதவீதம், 2019 முதல் 8. உதாரணத்துக்கு 60 சதுர மீட்டர் வீடு, வாடகை 480 யூரோ. மேம்பாட்டுச் செலவு 24,000 யூரோ என்றால் வருடத்துக்கு 1,920, மாதத்துக்கு 160. ஆக வாடகை 640! ஆறு வருடத்துக்குள் சதுர மீட்டருக்கு 3 யூரோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு (வாடகை சதுர மீட்டருக்கு 7 யூரோவுக்குக் கீழே இருந்தால் 2 யூரோ). இந்தக் கணக்கில் உச்சவரம்பு 180. அதனால் 160 தாராளமாகச் செல்லும்.

பன்னிரண்டரை வருடத்தில் போட்ட 24,000-மும் திரும்பி வந்துவிடும். சரி, பதின்மூன்றாவது வருடம் அந்த 160 குறையுமா? குறையாது. அது நிரந்தரம். வங்கிக் கடனாக இருந்தால் அசல் தீர்ந்ததும் தவணை நிற்கும். இங்கே அசலைக் கட்டி முடித்த பிறகும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், சொத்து மட்டும் வேறொருவருக்கு!

புதிதாகக் குடிவருகிறவருக்கு வேறு மாதிரிச் சிக்கல். புது ஒப்பந்தத்தில் அந்த வட்டார வாடகையை விட 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்று 2015 முதல் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆனால் முழுமையாகப் புதுப்பித்த வீட்டை முதல்முறை வாடகைக்கு விடும்போது அந்தக் கட்டுப்பாடு கிடையாது. வெறும் பெயின்ட் அடித்தால் இந்தச் சலுகை கிடைக்காது. புது வீடு கட்டும் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது ஆகியிருக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

விளம்பரத்தில் இருக்கும் "புதுப்பிக்கப்பட்டது" அந்த வகைதானா? இந்த விலக்கைக் காட்டி வாடகை கேட்கும் வீட்டுக்காரர், ஒப்பந்தத்துக்கு முன்பே அதைத் தானாகச் சொல்லியாக வேண்டும், இதுவும் 2019 முதல். சொல்லவில்லையா? குளியலறை டைல்ஸைப் பார்த்து மயங்காமல், கையெழுத்துக்கு முன் வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது: எப்போது புதுப்பித்தீர்கள், எதையெல்லாம், எவ்வளவுக்கு?