மாப்ள, எந்த டிராக்டர் வாங்கலாம்?

போன வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். காலேஜில் என்னோடு படித்தவன். சென்னையில் இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர் தள்ளி ரெண்டரை ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கிப் போட்டிருக்கிறான்.

"மாப்ள, தோப்புல புல்லு இடுப்பளவு நிக்குது. அமெரிக்காவுல என் மச்சான் ஒரு குட்டி வண்டில உக்காந்துட்டே புல்லு வெட்டறான். அந்த மாதிரி ஒரு மினி டிராக்டர் வாங்கிடலாம்னு இருக்கேன். ரிப்பேர் வராம இருபது வருஷம் உழைக்கணும். எதுன்னு சொல்லு."

"யோசிச்சு சொல்றேன்"னு வச்சுட்டேன். அப்புறம் வெகுநேரம் தூக்கம் வரலை. இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தவன். அவனுக்குச் சொல்ல நினைச்சதை இங்கேயே எழுதிடறேன். உங்களிலும் நிலம் வாங்கினவங்க, வாங்கப் போறவங்க இருப்பீங்க.

எங்க தோப்பு உடுமலைப் பக்கம், அஞ்சு ஏக்கர். மரத்துக்கு மரம் 25 அடி, ஏக்கருக்கு 70 மரம். மரத்தைச் சுத்தி ஆறடிக்கு வட்டப்பாத்தி. தென்னைக்குச் சாப்பாடு எடுத்துக் கொடுக்கிற வேரில் பெரும்பகுதி அந்த ஆறடிக்குள்ளதான் ஓடும். அதனால ரெண்டு மரத்துக்கு நடுவில் கலப்பை போகக்கூடிய இடம் 13 அடிதான். இந்தக் கணக்கு வாடகை டிராக்டர்காரருக்குத் தெரியாது. 45 எச்.பி. வண்டியைத் தோப்புக்குள்ளே விட்டுத் திருப்புவார். ஒரு திருப்பத்துல சொட்டுநீர்க் குழாய் போகும், இன்னொரு திருப்பத்துல சின்ன மரத்தோட மட்டை போகும். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. வண்டி பெருசு.

அதைவிடப் பெரிய சிக்கல் பதம். மழை பேஞ்சு ரெண்டு மூணு நாளில் மண் ஒரு பதத்துக்கு வரும். அப்போ உழுதால் புட்டு மாதிரி உதிரும். விட்டுட்டா எங்க செம்மண் கல்லாயிடும். அந்த ரெண்டு நாளிலதான் ஊரில் இருக்கிற அத்தனை பேரும் அதே டிராக்டர்காரருக்குப் போன் போடுவாங்க. "நாளைக்குக் காலைல வந்தர்றனுங்ணா"ன்னு சொல்வார். அந்த நாளை வர்றதுக்குள்ள மண்ணு காஞ்சு போயிருக்கும்.

இதுக்கெல்லாம் ஒரு முடிவு கட்டலாம்னு கோவையில் ஒரு விவசாயக் கண்காட்சிக்குப் போனேன். அங்கே பளபளன்னு ஒரு பவர் வீடர். கடைக்காரர் வாளியில் மண்ணைப் போட்டு அதில் ஓட்டிக் காட்டினார். விலையும் மலிவு. வாங்கிட்டு வந்துட்டேன். ஒரே போகம். கியர் பாக்ஸில் ஆயில் ஒழுக ஆரம்பிச்சுது. வித்தவருக்குப் போன் போட்டால் எடுக்கலை. அந்தச் சைஸ் சீல் உடுமலையிலும் இல்லை, பொள்ளாச்சியிலும் இல்லை. கோவையில் தேடினாலும் கிடைக்கலை. இன்னிக்கு அது எங்க சாளையில் நிக்குது. போன வருஷம் எங்க கோழி அதன் அடியில அடைக்கு உக்காந்து பதினோரு குஞ்சு பொரிச்சுது. அந்த மெஷின் பண்ணின உருப்படியான காரியம் அது ஒண்ணுதான்.

அதுக்கப்புறம்தான் மினி டிராக்டர் எண்ணம் வந்தது. இந்த முறை எங்க ஊர்ப் பட்டறைக்கார அண்ணன்கிட்டப் போனேன். வெல்டிங்கும் பார்ப்பார், டிராக்டரும் பிரிப்பார். நோட்டில் எழுதி வச்சிருந்த பட்டியலைக் காட்டினேன். 15 எச்.பி.யில் மஹிந்திரா யுவராஜ் 215, அதுக்கு ஒரே சிலிண்டர். 18.5 எச்.பி.யில் வி.எஸ்.டி. சக்தி எம்.டி. 180 டி, மூணு சிலிண்டர். 24 எச்.பி.யில் குபோட்டா பி2441, அதுக்கும் மூணு சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும். "இதுல எதுங்ணா நல்லா உழைக்கும்?"

அவர் நோட்டை வாங்கிக்கூடப் பார்க்கலை. "தம்பி, இந்த வண்டியெல்லாம் நல்ல வண்டிதான். காத்தால எட்டு மணிக்கு ஆயில் சீல் போச்சுன்னா மத்தியானத்துக்குள்ள உடுமலைல கெடைக்குமா? அதக் கேட்டுட்டு வா."

கேட்டேன். ஒவ்வொரு டீலர் கடையிலும் போய் வண்டியைப் பார்க்காமல் ஸ்பேர்ஸ் கவுண்டரில் நின்னேன். ஆயில் பில்டர், பேன் பெல்ட், கிளட்ச் பிளேட், முன் ஆக்சில் சீல், இந்த நாலும் இப்போ ஸ்டாக் இருக்கான்னு மட்டும் கேட்டேன். "ஆர்டர் போட்டா மூணு நாள்ல வந்துடும்"னு சொன்ன கடையை நோட்டில் அடிச்சுட்டேன். பதமே மூணு நாள்தானுங்களே.

எங்க அப்பா கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை வாங்கினவர். பல்லைப் பார்ப்பார், குளம்பைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். கடைசியில் கயித்தை வாங்கி நாலடி நடக்க வச்சுப் பார்க்காமல் விலை பேச மாட்டார். பட்டறைக்கார அண்ணனும் அதையேதான் சொன்னார். "டெமோ அவங்க காட்டற எடத்துல பார்க்காத. உன் தோட்டத்துல மோசமான மூலை எதுவோ அங்க ஓட்டச் சொல்லு."

எங்க தோப்பில் வடகிழக்கு மூலையில கோரை மண்டிக் கிடக்கும். டெமோ வண்டியை அங்கே விட்டேன். மூணடி ரோட்டவேட்டரோட ரெண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் ஆனதும் சூடு காட்டுற முள் எங்கே நிக்குதுன்னு பார்த்தோம். அந்தச் சூட்டிலேயே நிறுத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணச் சொன்னோம். ரோட்டவேட்டரைத் தூக்கி வச்சபடியே இன்ஜினை அணைச்சுட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வரும்போது அது இறங்கியிருக்கான்னு பார்த்தோம். இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு இருக்குன்னு அர்த்தம். அன்னிக்கு ராத்திரி வண்டி எங்க களத்திலேயே நின்னுது. அடியில் ஒரு வெள்ளைச் சிமெண்டுச் சாக்கை விரிச்சு வச்சேன். காலையில் சாக்கில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

வாங்கிட்டேன். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே போய் அதையே வாங்கிடுவீங்க. என் மூலைக்குச் சரியானது உங்க மூலைக்குச் சரியா இருக்கணும்னு இல்லை. பணம் பாதி தேங்காய் வித்தது. மீதிக்கு வீட்டுக்காரம்மா கழுத்துச் சங்கிலி பேங்குக்குப் போச்சு. "எப்பத் திரும்பி வரும்?"னு கேட்டாங்க. "மூணு வருஷம்"னேன். நாலரை ஆச்சு.

வண்டி நல்லா உழைச்சுது. மண்ணு புட்டா இருக்கிற அன்னிக்கே உழுதேன். பக்கத்துத் தோப்புகளுக்கும் வாடகைக்கு ஓட்டினேன். மணிக்கு ரெண்டு லிட்டர் டீசல். ஐம்பது மணி நேரத்தில் முதல் சர்வீஸ், அப்புறம் 250 மணிக்கு ஒரு தரம் ஆயில். வண்டியை விட்டு இறங்கினதும் ரேடியேட்டர் வலையில ஒட்டின புல்லுத் தூசியைத் தட்டிவிடுவேன். தோப்பில் ஓடுற வண்டிக்கு நார்தான் எமன். மட்டை நார் ரோட்டவேட்டர் தண்டுல சுத்திக்கிட்டு உள்ளே போய் ஆயில் சீலை அறுத்துடும். வாரத்துக்கு ஒரு நாள் அருவா வச்சு அறுத்து எடுப்பேன். எல்லாம் ஒழுங்காத்தான் பார்த்தேன்.

ஒண்ணைத்தான் பார்க்கலை.

எங்க தோப்புக்கும் சோளக்காட்டுக்கும் நடுவில் ஒரு கிளை வாய்க்கால். அதைத் தாண்டறதுக்கு ஒரு மண் மேடு. மாடு ஏறின மேடு, வண்டிக்கும் அதே வழின்னு விட்டுட்டோம். ரெண்டாம் வருஷம் ஐப்பசி மாசம். பாலிடெக்னிக்கிலிருந்து லீவுக்கு வந்த பையன் வண்டியை எடுத்துட்டுப் போனான். பின்னாடி ரோட்டவேட்டரை உச்சிக்குத் தூக்கியிருக்கான். மேடு மழையில் நனைஞ்சிருந்தது. பின்னாடி அத்தனை கனம் தொங்கினால் ஏத்தத்துல முன்சக்கரம் தரையை லேசாத்தான் தொடும். ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. அவன் திருப்பறான், வண்டி திரும்பலை. பக்கவாட்டில் சறுக்கி வாய்க்காலுக்குள்ள சாஞ்சுடுச்சு.

நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். வண்டி சாஞ்சு கிடக்குது. சக்கரம் சுத்திட்டு இருக்குது. பையனைக் காணோம். அந்த நேரத்தைப் பத்தி நான் எழுத மாட்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் குதிச்சு விழுந்திருந்தான். வலது தோள்பட்டை எலும்பு ஒடிஞ்சிருந்தது. எந்தப் பக்கம் குதிக்கணும்னு அவன் யோசிச்செல்லாம் குதிக்கலை. இந்தப் பக்கம் குதிச்சிருந்தால் வண்டி அவன் மேலே விழுந்திருக்கும்.

சாயங்காலம் பட்டறைக்கார அண்ணன் நாலு பேரோட வந்து கயிறு கட்டி வண்டியை நிமிர்த்தினார். ஆயில் பார்த்துட்டுச் சாவியைத் திருப்பினார். உடனே ஸ்டார்ட் ஆச்சு. பானட்டில் ஒரு நசுங்கல், அவ்வளவுதான். "கெட்டியான வண்டி தம்பி"ன்னார். எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கவே பிடிக்கலை.

வீட்டுக்காரம்மா பத்து நாள் என்னோடு பேசலை. அம்மா மட்டும் பேசினாங்க. "மாடா இருந்தா அந்த மேட்டுக்கிட்ட வந்ததும் நின்னிருக்கும் கண்ணு. அடிச்சாலும் ஏறாது."

வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது. அதுக்கும் சேர்த்து நாமதான் பார்க்கணும். ஜே.சி.பி. வரவச்சு மேட்டைச் சரிச்சு, குழாய் பதிச்சு, அகலமா ஒரு பாதை போட்டேன். இதை வண்டி வாங்கறதுக்கு முன்னாடியே செஞ்சிருக்கலாம். பட்டறைக்கார அண்ணன் பின்சக்கர டிஸ்க்கைத் திருப்பிப் போட்டுச் சக்கரத்தோட இடைவெளியைக் கூட்டினார். முன்னாடி எடைக்கட்டை மாட்டினோம். இப்போ எங்க வீட்டில் ஒரு சட்டம். கலப்பையைத் தரையை ஒட்டித்தான் தூக்கணும், ஈர மேட்டில் ஏறக்கூடாது, மட்கார்டு மேல யாரையும் உக்கார வைக்கக்கூடாது.

இன்னொண்ணும் மாறிச்சு. தோப்புக்குள்ள உழறதையே குறைச்சுட்டேன். பின்னாடி பி.டி.ஓ.வில் ஒரு ஸ்லாஷர் மாட்டி, புல்லை அடிச்சு அங்கேயே போட்டுடறேன். அதுவே மூடாக்கு. வேர் அறுபடலை, ஈரம் நிக்குது. வண்டி வாங்கினது உழறதுக்கு. கடைசியில் பார்த்தால் என் நண்பனோட மச்சான் அமெரிக்காவில் பண்ற வேலையைத்தான் நானும் பண்ணிட்டு இருக்கேன். என்ன, நல்ல புல்லா இருந்தால் கொஞ்சம் விட்டுவைக்கணும். மாட்டுக்கு வேணும்னு அம்மா சண்டைக்கு வருவாங்க.

இப்போ நண்பனுக்குப் பதில்.

மாப்ள, உன் ரெண்டரை ஏக்கருக்கு வருஷத்துக்கு நாலு தரம் புல்லு அடிச்சாலும் பதினஞ்சு மணி நேர வேலை. மணிக்கு ஆயிரம்னு வச்சாலும் பதினஞ்சாயிரம். அதுக்கு அஞ்சு லட்சம் போட்டு, நீ மாசத்துக்கு ஒரு தரம் வர்ற தோப்பில் ஒரு வண்டியைச் சும்மா நிறுத்தினால், ஓடாமலேயே அது கெடும். பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், டயர் வெடிப்பு விடும். மானியம் கிடைக்குதுன்னு வாங்காதே. வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே டிராக்டர் மணி வாடகைக்குக் கொடுக்கறாங்க, அதையும் விசாரி. ரெண்டு வருஷம் வாடகைக்கு ஓட்டு. எந்த மாசம் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு நோட்டில் எழுது. வட்டப்பாத்திக்கு மட்டும் முதுகில் மாட்டுற புல்வெட்டி ஒண்ணு வாங்கிக்கோ.

அப்புறமும் வேணும்னு பட்டால் வாங்கு. ஆனால் வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி உன் தோப்பை ஒரு தரம் சுத்திப் பார். கேட் எத்தனை அடி, எங்கே மேடு, எங்கே வாய்க்கால், எங்கே திரும்பணும். யார் ஓட்டப் போறாங்க? நீ சென்னையில் இருக்கிறப்போ ரிப்பேர் ஆனால் யார் வருவாங்க? இதுக்கெல்லாம் பதில் கிடைச்சுட்டால் எந்த வண்டின்னு பட்டறைக்கார அண்ணனே சொல்லிடுவார்.

இதையெல்லாம் நேத்து போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரி, இப்ப இடுப்பளவு நிக்கற புல்லுக்கு என்னடா பண்றது?"ன்னான்.

ஞாயித்துக்கிழமை வண்டியோட போறேன். வாடகை வேண்டாம்னுட்டேன், டீசல் அவன் போடறான். ஒரு ரவுண்டு அவனும் ஓட்டிப் பார்க்கணுமாம். சமதரையில் மட்டும்னு சொல்லியிருக்கேன்.